பியானோவில் இருந்தவர் யார்?

1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று அமெரிக்கப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடினார். அவர் கறுப்பினத்தவர் என்பதால் கான்ஸ்டிட்யூஷன் ஹால் அரங்கைக் கொடுக்க அதன் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் கச்சேரி வெட்டவெளிக்கு வந்தது. சுமார் 75,000 பேர் கூடினார்கள். குளிருக்குக் கனமான கோட்டைப் போர்த்திக்கொண்டு, ஒலிவாங்கிகளுக்கு முன்னால் கண்ணை மூடிப் பாடும் அந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பியானோ இருந்தது. அதை வாசித்தவர் யார் என்று நான் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேற்கத்திய இசையை வருடக்கணக்கில் கேட்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர் பெயர் கோஸ்டி வேஹனன். பின்லாந்துக்காரர். அன்றைக்குத் தேசபக்திப் பாட்டு, டோனிசெட்டியின் ஓபராவிலிருந்து ஒரு பாட்டு, ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’, கடைசியாகக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு விதமான இசையை அந்தக் காற்றில் விரல் விறைக்காமல் வாசித்தவர் அவர். ஆண்டர்சனுடன் ஏறக்குறைய பத்து வருடம் ஊர் ஊராகப் போனவர். அவருக்கு அப்புறம் வந்த பிரான்ஸ் ருப், 1965இல் ஆண்டர்சன் மேடையை விட்டு விலகும்வரை கால் நூற்றாண்டு கூடவே வாசித்தார். அவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

பாடகருக்கோ, வயலின் கலைஞருக்கோ, புல்லாங்குழல் மாணவருக்கோ உடன் வாசிக்கும் பியானோ கலைஞர்களை ஆதரிக்க இன்று பல நாடுகளில் சங்கங்கள், பரிசுகள், தனிப் படிப்புகள் இருக்கின்றன. ‘இவர்களுக்கு எதற்குத் தனியாக ஆதரவு? அடக்கமானவர்கள், பின்னால் இருப்பதுதானே அவர்கள் வேலை?’ என்று பலர் நினைக்கிறார்கள். இவர்கள் பெயர் மறைந்ததற்கு அடக்கம் காரணமில்லை. கச்சேரி ஒரு வியாபாரமாக வளர்ந்த விதம்தான் காரணம். இசையை எழுதியவர்கள் இவர்களைப் பின்னால் வைக்கவில்லை. இதை விளங்கிக்கொள்ள முதலில் இசைக்குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1814இல், தன் பதினேழாவது வயதில், ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘பௌஸ்ட்’ நாடகத்திலிருந்து ஒரு பாட்டுக்கு இசையமைத்தார். ராட்டையில் நூல் நூற்கும் கிரெட்சென் என்ற பெண் தன் காதலனை நினைத்துப் பாடுவது. பாடகிக்கு வார்த்தைகள் இருக்கின்றன. ராட்டை முழுக்கப் பியானோவிடம் இருக்கிறது. வலது கை சுழன்றுகொண்டே இருக்கும், அது சக்கரம். இடது கையில் கால் மிதிக்கும் தாளம். அவள் மனம் கொதிக்கக் கொதிக்கச் சக்கரமும் வேகமெடுக்கிறது. அவன் கொடுத்த முத்தத்தை நினைக்கும் இடத்தில் பாடகியின் குரல் உச்சத்துக்குப் போக, ராட்டை நின்றுவிடுகிறது. அப்புறம் வருவதுதான் எனக்கு இந்தப் பாட்டிலேயே பிடித்த இடம். பாடகி மௌனமாக இருக்கிறார். பியானோ மட்டும் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கிறது, நிற்கிறது. மறுபடி முயல்கிறது, நிற்கிறது. அதற்கப்புறம்தான் பழையபடி ஓடத் தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் கை நடுங்குவதை நமக்குக் காட்டுவது பியானோ வாசிப்பவர். அந்தச் சில நொடிகளை அவர் அவசரப்பட்டுத் தாண்டினால் பாட்டின் கதையே போய்விடும்.

அடுத்த வருடம் எழுதிய ‘எர்ல்கோனிக்’ இன்னும் கடுமை. நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரையும் தகப்பனின் கதை. கதை சொல்பவர், தகப்பன், மகன், மகனை அழைக்கும் மாயப் பேய் என்று நாலு பேரை ஒரே பாடகர் பாட வேண்டும், அதற்குக் கைதட்டல் நிச்சயம். குதிரையோ பியானோவில் ஓடுகிறது. வலது கை ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து, மூன்று மூன்றாக, ஏறக்குறைய நாலு நிமிடம் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். மணிக்கட்டு இறுகினால் முடிந்தது. கதேயின் பார்வைக்கு 1816இல் அனுப்பிய பிரதியில் ஷூபர்ட்டே இதை இரண்டிரண்டாக எளிமையாக்கித்தான் எழுதினார். கடைசியில் குதிரை நின்றதும், குழந்தை இறந்துவிட்டது என்று பாடகர் தனியாகச் சொல்ல, இரண்டே இரண்டு சேர்சுரங்களில் பியானோ பாட்டை முடிக்கிறது.

ஷூபர்ட்டே பக்கவாத்தியக்காரராக உட்கார்ந்தவர்தான். மிகேல் ஃபோகல் என்ற பாடகருடன் 1825இல் ஆஸ்திரியாவின் ஊர்களைச் சுற்றியபோது அண்ணன் பெர்டினாண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபோகல் பாட, தான் வாசிக்க, அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவதுபோல் இருப்பது கேட்பவர்களுக்குப் புதுமையாக இருக்கிறது என்று அதில் சொல்கிறார். ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால் என்ற எண்ணமே அந்தக் கடிதத்தில் இல்லை.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1840இல் எழுதிய ‘டிஷ்டர்லீபே’ பாட்டுத் தொகுதியின் கடைசிப் பாட்டில் பாடகர் பாடி முடித்த பின்னும் இசை முடிவதில்லை. பியானோ தனியாக, நிதானமாக, வெகுநேரம் தொடர்கிறது. அந்த நேரத்தில் பாடகர் அசையாமல் நிற்க வேண்டும். காதல் கசந்துபோனவனின் வார்த்தைகள் தீர்ந்த பிறகு, அவனுக்கு ஆறுதல் பியானோவிலிருந்து வருகிறது. அதே வருடத்தில் எழுதிய ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் தொகுதியிலும் அப்படித்தான். கணவன் இறந்த பின் அவள் பாடுவதை நிறுத்திவிடுகிறாள். முதல் பாட்டின் இசையைப் பியானோ மட்டும் நினைவிலிருந்து எடுப்பதுபோல் திரும்ப வாசிக்கிறது.

நம் கச்சேரி வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். பக்கவாத்தியம் என்ற சொல் நமக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் வேலை ஒன்றல்ல. நம் வயலின் கலைஞர் பாடகர் போடும் ராக ஆலாபனையைக் காதில் வாங்கி அந்த நிமிடத்திலேயே பதில் சொல்கிறார். மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஓர் இடம் உண்டு, அப்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவராகிவிடுகிறார். மியூசிக் அகாடமி 1966இல் பாலக்காடு மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. மிருதங்கத்துக்கு அந்தப் பட்டம் வந்தது அதுவே முதல் தடவை, அதற்கே அவ்வளவு காலம் ஆனது. பியானோ பக்கவாத்தியக்காரருக்குத் தனி கிடையாது. ஒவ்வொரு சுரமும் எழுதியே இருக்கிறது. எழுதியதை வாசிப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

கஷ்டம் எழுதாத விஷயங்களில் இருக்கிறது. பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து, கேட்பவருக்குத் தெரியாமல் காலத்தை ஒரு நூலளவு நீட்ட வேண்டும். பாடகருக்குச் சளி பிடித்திருந்தால் இன்றைக்கு அரைச் சுரம் இறக்கி வாசிக்க வேண்டும். பியானோவில் சுருதி இறக்குவதென்றால் ஒவ்வொரு விரலும் வேறு கட்டைக்கு மாற வேண்டும், கண் ஒன்றைப் படிக்கக் கை வேறொன்றை வாசிக்கும். தாழ்ந்த குரலுக்காகப் பாட்டை இறக்கும்போது பியானோவின் கீழ்க்கட்டைகள் கனத்துக் குழம்பிவிடும், அதற்கேற்பக் கையின் எடையைக் குறைக்க வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரஷ்யம் என்று வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். எந்த எழுத்தில் பாடகர் நாக்கை அழுத்துவார், உயிரெழுத்து எங்கே திறக்கும் என்று தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுரத்தில் இறங்க முடியாது. பாடகர் பதற்றத்தில் ஒரு சரணத்தைத் தாண்டிவிட்டால், அவையில் ஒருவர்கூட அறியாமல் கூடவே தாவ வேண்டும். நன்றாகத் தாவினால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொரு வகை வேலையும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் வயலின் கான்செர்ட்டோவைப் பயிலும் மாணவருக்கு ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்காது. எண்பது பேர் வாசிப்பதைப் பத்து விரலுக்குச் சுருக்கி எழுதிய பிரதி கிடைக்கும். பல பிரதிகளை அப்படியே வாசிக்க எவராலும் முடியாது. எந்தச் சுரத்தை விடலாம், எதை விட்டால் மாணவர் தடுமாறுவார் என்று தீர்மானிப்பது பியானோவில் இருப்பவர். ஓபரா வீடுகளில் ஒத்திகை வாரக்கணக்கில் ஒரே ஒரு பியானோவோடு நடக்கும். ஆர்க்கெஸ்ட்ரா கடைசி நாட்களில்தான் வரும்.

இவ்வளவு கனமான வேலையில் இருந்தவர் பெயர் எப்படிக் காணாமல் போனது? இங்கே வரலாறு ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. 1764இல் பாரிஸில் எட்டு வயது மோட்சார்ட்டின் முதல் சொனாட்டாக்கள் (ஒன்றிரண்டு வாத்தியங்களுக்காகப் பல பகுதிகளாக எழுதும் படைப்புகள்) அச்சானபோது அவற்றின் தலைப்பு, கீபோர்டுக்கான சொனாட்டாக்கள், வேண்டுமானால் வயலினைத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் இருந்தது. பக்கவாத்தியம் அன்றைக்கு வயலின்தான்! 1790களின் இறுதியில் பீத்தோவன் இதே வகையில் தன் முதல் மூன்று சொனாட்டாக்களை வெளியிட்டபோதும் பியானோவை முதலில் சொல்லி, ஒரு வயலினுடன் என்று சேர்த்தார். இன்று நாம் ‘வயலின் சொனாட்டா’ என்று சொல்கிறோம். எழுதியவர்கள் வைத்த பெயர் அதுவல்ல.

மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. வயலின் மேதை பகானினி போன்றவர்கள் ஊர் ஊராகப் போய், டிக்கெட் விற்று, தங்கள் ஒருவரின் பெயரால் கூட்டம் சேர்த்தார்கள். பியானோ உலகிலும் லிஸ்ட் 1840இல் லண்டனில் தனி ஆளாக மேடையேறினார். சுவரொட்டியில் ஒரே ஒரு பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும், அதுதான் வியாபாரம். போகிற ஊரில் கிடைக்கும் பியானோ கலைஞரை அமர்த்திக்கொள்வது வழக்கமானது. அவர் யார் என்பது டிக்கெட் விற்பனைக்குத் தேவைப்படவில்லை. பிறகு கிராமபோன் வந்தது. பல பழைய தட்டுகளில் பாடகர் பெயருக்குக் கீழே ‘பியானோ பக்கவாத்தியத்துடன்’ என்று மட்டும் இருக்கும். ஒரு மனிதர் வாசித்தார் என்பதற்கான தடயமே கிடையாது.

இந்த மறதிக்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான உதாரணம் ஒரு டிசம்பர் மாலை. இசையமைப்பாளர் செசார் பிராங்க் தன் ஒரே வயலின் சொனாட்டாவை 1886இல் எழுதி, பெல்ஜிய வயலின் மேதை யூஜென் இசாயிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். அதன் பியானோ பகுதி இன்றும் தேர்ந்த கலைஞர்களைப் பயமுறுத்தக்கூடியது. இரண்டாம் பகுதியில் பியானோ ஒரு புயலையே கிளப்ப வேண்டும், கைகள் பெரிதாக இல்லாதவர்கள் தவித்துப்போவார்கள். அந்த வருடம் டிசம்பர் 16 அன்று பிரஸ்ஸல்ஸில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் பொதுக் கச்சேரி. பிராங்க்கின் படைப்புகளே அன்று முழுக்க, சொனாட்டா கடைசி. குளிர்காலம், சீக்கிரமே இருட்டிவிட்டது. ஓவியங்களுக்கு ஆபத்து என்று காட்சியகத்தில் விளக்கு ஏற்ற அனுமதி இல்லை. முதல் பகுதி முடிந்ததும் தாளில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்ற நிலை. இசாயி வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டி, போகலாம் என்றார். மிச்சம் மூன்று பகுதிகளையும் இருட்டில், நினைவிலிருந்தே வாசித்து முடித்தார்கள். அங்கே இருந்த பிராங்க்கின் மாணவர் வென்சான் தாந்தி இதை எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கதையை இசாயியின் வீரக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இசாயி வயலினில் வாசித்தது ஒற்றை வரி. அதே இருட்டில், சேர்சுரங்களும் தாவல்களும் நிறைந்த அந்தப் பியானோ பகுதியை மனப்பாடமாக வாசித்தவர் மரி லெயோன்டின் போர்த் பென் என்ற பெண்மணி. இசையமைப்பாளர்களுக்கு அவருடைய மதிப்பு தெரிந்திருந்தது. பிராங்க் அடுத்து எழுதிய பெரிய பியானோ படைப்பை அவருக்குச் சமர்ப்பித்தார். தாந்தியும் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த தன் மலைப்பாட்டு சிம்பொனியை அவருக்கே சமர்ப்பித்தார். பெயர் அழிந்தது அரங்குக்கு வெளியேதான்.

இந்த நிலையை மாற்றியதில் ஜெரால்டு மூருக்குப் பெரிய பங்கு. 1899இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதில் கனடாவுக்குப் போய், அங்கே சினிமாக் கொட்டகையில் ஆர்கன்கூட வாசித்து, திரும்ப லண்டனுக்கு வந்தவர். இருபது வயதுகளில் ஜான் கோட்ஸ் என்ற பாடகரிடம் அகப்பட்டார். அகப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோட்ஸ் அவரை லேசில் விடவில்லை. பாட்டைப் பாடகரைப்போலவே படிக்க வேண்டும், உழைக்க வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தார். தன்னைப் பக்கவாத்தியக்காரராக ஆக்கியது கோட்ஸ்தான் என்று மூர் கடைசிவரை நன்றியோடு சொன்னார். ஒரு முக்கியமான விஷயம் இதில் இருக்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரர் உருவாக, தன் பக்கத்தில் சமமான ஓர் ஆள் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பாடகர் ஒருவர் தேவை.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்திலிருந்து படங்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலியான அந்தக் கூடங்களில் பியானோ மேதை மைரா ஹெஸ் மதிய நேரக் கச்சேரிகளை நடத்தினார். அங்கே மூர் பக்கவாத்தியக் கலையைப் பற்றி வாசித்துக்காட்டிப் பேசினார். தன் வேலையைத் தானே விளக்கத் துணிந்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம். அவர் 1943இல் எழுதிய சிறு நூலின் தலைப்பு, ‘வெட்கப்படாத பக்கவாத்தியக்காரர்’ என்ற பொருள் தருவது. 1962இல் வந்த சுயசரிதையின் தலைப்போ, ‘நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனா?’ என்ற கேள்வி. காலமெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி அது.

1967 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் மூர் விடைபெற்றார். எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், விக்டோரியா டி லாஸ் ஆஞ்சலஸ், டீட்ரிஷ் பிஷர் டீஸ்காவ் மூவரும் அவருக்காக வந்து பாடினார்கள். ஒவ்வொருவரும் தனியாகவே அந்த அரங்கை நிரப்பக்கூடியவர்கள். அன்று கூட்டம் வந்தது பியானோவில் இருந்தவருக்காக. கடைசியில் எல்லோரும் மேடையை விட்டுப் போக, இசைக்கு நன்றி சொல்லும் ஷூபர்ட்டின் பாட்டை மூர் தனியாக, குரல் வரியையும் சேர்த்துப் பியானோவிலேயே வாசித்தார். மேடையைவிட்ட பிறகும் பிஷர் டீஸ்காவுடன் நானூறுக்கும் மேற்பட்ட ஷூபர்ட் பாடல்களைப் பதிவுசெய்து முடித்தார்.

ஒரு மேதை வந்து புகழ் பெறுவது வேறு, தொழிலுக்கே இடம் கிடைப்பது வேறு. இரண்டாவது வேலையைப் பள்ளிகள்தான் செய்தன. கனடாவில் பிறந்த குவெண்டொலின் கோல்டாப்ஸ்கி 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பக்கவாத்தியத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினார். இந்தத் துறையின் முதல் பட்டப்படிப்பாகச் சொல்லப்படுவது அது. அதுவரை இது, தனி வாசிப்பில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் என்ற பேச்சு இருந்தது. படிப்பு, பாடத்திட்டம், பட்டம் என்று வந்ததும் அந்தப் பேச்சு மெல்லக் குறைந்தது. அவரிடம் படித்த மார்ட்டின் காட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறைகளை உருவாக்கினார். ரஷ்ய இசைக் கல்லூரிகளில் வேறு விதமான ஏற்பாடு. பியானோ படிக்கும் எல்லோருக்கும் பக்கவாத்தியம் ஒரு பாடம். மேடையில் தனியாகப் பிரகாசிக்கப் போகிறவரும் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது, மற்றவரைக் கேட்கத் தெரியாத கலைஞர் இதனால் குறைவார்.

பெயரைப் பற்றியும் ஒரு சர்ச்சை உண்டு. வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மனுடன் முப்பது வருடத்துக்கு மேல் வாசித்த சாமுவேல் சாண்டர்ஸ், ‘பக்கவாத்தியக்காரர்’ என்ற சொல் வேண்டாம், ‘சேர்ந்து படைக்கும் பியானோ கலைஞர்’ என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தலாம் என்றார். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தப் பெயர்தான் புழங்குகிறது, நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் துறையின் பெயரே அதுதான். பிரிட்டனில் பலர் பழைய சொல்லையே பெருமையோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரை மாற்றினால் சம்பளம் மாறுமா என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு துறைக்குக் கௌரவமான பெயர் இருந்தால் அதற்குப் பணம் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்பது கொஞ்சம் சுலபமாகிறது. எனக்கு ‘பக்கவாத்தியம்’ என்ற நம் சொல்லில் குறை தெரியவில்லை. பக்கம் என்றால் அருகில். பின்னால் என்று அதற்குப் பொருள் கிடையாது.

இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களை வாட்டுவது பெயரைவிட நேரமும் பணமும். இசைக் கல்லூரி ஒன்றில் ஒரே பியானோ கலைஞர் பல பத்து மாணவர்களுக்கு வாசிப்பார். வருடக் கடைசியில் எல்லோருடைய தேர்வும் ஒரே வாரத்தில் வரும். காலையில் டுபா என்ற பெரிய ஊதுகருவி படிக்கும் மாணவருக்கு ஹிண்டமித் சொனாட்டா, பத்தரைக்குப் பாடகிக்கு டெபுஸ்ஸி, மதியம் வயலினுக்கு பிராங்க் என்று போகும். ஹிண்டமித் ஏறக்குறைய ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சொனாட்டா எழுதியவர். மாணவரின் பகுதி எளிதாக இருக்கும் இடத்திலும் பியானோ பகுதி எளிதாக இருக்காது. மாணவர் ஒரு படைப்பை ஆறு மாதம் பயில்கிறார், பியானோவில் இருப்பவருக்குத் தாள் ஆறு நாளைக்கு முன் கைக்கு வருகிறது. பயிற்சி செய்யும் நேரத்துக்குக் கூலி கிடையாது, ஒத்திகைக்கும் மேடைக்கும் மட்டும்தான். கை நரம்பு வலி இந்தத் தொழிலில் சாதாரணம்.

உண்மையான ஆதரவு என்பது இந்த இடத்தில் கை வைப்பது. போட்டிகள் சில நல்ல வழி காட்டியிருக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இசையமைப்பாளர் ஹூகோ வூல்ஃப் பெயரில் இயங்கும் அமைப்பு நடத்தும் பாட்டுப் போட்டியில் பாடகரும் பியானோ கலைஞரும் ஒரே ஜோடியாகத்தான் கலந்துகொள்ள முடியும், முதன்மைப் பரிசும் ஜோடிக்குத்தான். பாரிஸில் நாடியா, லிலி பூலான்ஷே சகோதரிகள் பெயரிலான போட்டியிலும் ஜோடியாகத்தான் கலந்துகொள்கிறார்கள். லண்டனில் விக்மோர் ஹால் போட்டியிலும், கேத்லீன் பெரியர் பெயரிலான விருதுகளிலும் பியானோவுக்கென்று தனிப் பரிசு வைத்திருக்கிறார்கள். என் மனம் ஜோடிப் பரிசின் பக்கம்தான் சாய்கிறது. தனிப் பரிசு நல்லதுதான், ஆனால் அது இசையை மறுபடி இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பக்கவாத்தியக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இளைய கலைஞர்களுக்கு அது தரும் விருதுக்கு ஜெப்ரி பார்சன்ஸின் பெயர். அவர் சிட்னியில் பிறந்து, 1950இல் இங்கிலாந்துக்குப் போய், மூருக்கு அடுத்த தலைமுறையில் ஷ்வார்ஸ்கோப், ஜானட் பேக்கர், ஜெஸ்ஸி நார்மன் போன்றவர்களுடன் வாசித்தவர். இந்தத் தொழிலில் எல்லோரும் தனித்தனியாக அலைகிறவர்கள். ஒரு சங்கம் இருந்தால் நியாயமான கூலி என்ன என்று பேசிவைத்துக்கொள்ளலாம், புதிதாக வருபவர் மூத்தவரிடம் கற்றுக்கொள்ளலாம், உடம்பு முடியாத நாளில் மாற்று ஆள் கிடைப்பார்.

பியானோவில் இருப்பவர் தானே முன்கை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு கிரஹாம் ஜான்சன் சாட்சி. ஷூபர்ட்டின் பாடல்கள் அனைத்தையும் பதிவுசெய்யும் திட்டத்தை 1980களின் பிற்பகுதியில் தொடங்கி 37 குறுந்தகடுகளில் முடித்தார். எந்தப் பாட்டு எந்தக் குரலுக்கு என்று தேர்ந்தது அவர்தான். பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், எல்லாத் தகட்டிலும் பியானோவில் அவரே இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் விரிவான குறிப்பையும் அவரே எழுதினார்.

நம் ஊருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. சென்னையில் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசை கிரேடு பரீட்சை எழுதும் பிள்ளைகள் நிறைய. வயலின், புல்லாங்குழல், பாட்டு என்று எழுதுகிறவர்கள் தங்கள் அக்கம்பனிஸ்டை, அதாவது பியானோ பக்கவாத்தியக்காரரை, பொதுவாகத் தாங்களே அழைத்துக்கொண்டு வர வேண்டும். அப்படி வாசிக்கக்கூடியவர்கள் நகரத்தில் கொஞ்சம் பேர்தான், பலர் சர்ச் பாடகர் குழுக்களில் வாசித்துப் பழகியவர்கள். என் மகள் வயலின் படிக்கிறாள், அதனால் பெற்றோர் தரப்பில் நாங்கள் செய்யும் தப்புகள் எனக்குத் தெரியும். பரீட்சைத் தேதி வந்த பிறகுதான் ஆள் தேடுவோம். மங்கலான போட்டோவில் தாளை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். ஒரே ஓர் ஒத்திகை போதும் என்போம். எவ்வளவு தர வேண்டும் என்று முதலிலேயே கேட்க மாட்டோம்.

இவை எல்லாமே மாற்றக்கூடியவை. பாட்டைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே முழுப் பியானோ பிரதியைத் தெளிவாக அச்சடித்துக் கொடுத்துவிடலாம். எத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பரீட்சை நாளுக்கு எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசிவிடலாம், காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான். குழந்தைக்கு முதலிலிருந்தே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்: கைதட்டும்போது திரும்பிப் பார்த்து, அக்கம்பனிஸ்டையும் எழுந்து நிற்கச் சொல்லி, சேர்ந்து தலை வணங்க வேண்டும். யூடியூபில் வீடியோ போடும்போது பியானோ வாசித்தவர் பெயரைத் தலைப்பிலேயே போடலாம். பெரிய கம்பெனிகளின் இசைச் செயலிகளிலேயே பாடகர் பெயருக்குக் கீழே இவர்கள் பெயர் மறைந்துபோகிறது, நம் கையில் இருக்கும் இடத்திலாவது சரியாகச் செய்யலாம்.

போன வருடம் என் மகள் படிக்கும் இசைப் பள்ளியின் ஆண்டு விழாவில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரே பெண்மணி மூன்று மணி நேரம் வாசித்தார். நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும், ஆசிரியர்கள் பெயரும், சிற்றுண்டி தந்தவர் பெயரும் இருந்தன. அவர் பெயர் இல்லை. அதைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வருடம் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பியானோ என்று போட்டு அவர் பெயரையும் அச்சடித்தோம். பதினான்கு இடத்திலும்.

விழா முடிந்து தாளை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார்.

“மனசுக்கு நிறைவா இருக்கு, பாத்தீங்களா,” என்றார். அப்புறம் மேடைப் பக்கம் கையைக் காட்டி, “ஆனா நடுவுல அந்த ரெண்டு கட்டை கேட்டீங்க இல்ல? மழைக்காலத்துலேர்ந்து சுருதி இறங்கிக் கிடக்கு. புல்லாங்குழல் பிள்ளைங்க பாவம், என்னாலதான் தடுமாறுதுங்க. ட்யூனரை எப்போ கூப்பிடப் போறீங்க?”

அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாக ட்யூனர் சொல்லியிருக்கிறார்.